பியானோ, இசை ஆசிரியர்களின் தொழில் வளர்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வகுப்பெடுக்க வருபவர்களுக்குக் கூட இருந்து உதவும் வேலையும் சில வருடங்களாகச் சேர்ந்துகொண்டது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும், வெட்கப்பட்டுக் கேட்காமல் விடுபவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், சில இரண்டு வரியில் முடிந்துவிடும்.

பல வருடமாக வகுப்பெடுக்கிறேன். என் மாணவர்கள் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். எனக்கு எதற்குப் பயிற்சி?

நல்ல மதிப்பெண் என்பது உங்களிடம் தங்கியவர்களைப் பற்றிய சேதி. இரண்டாம் வருடத்தில் நின்றுபோனவர்களைப் பற்றி அது வாய் திறக்காது. அவர்கள் ஏன் நின்றார்கள் என்று யோசித்துப் பாருங்கள். "படிப்புச் சுமை" என்று பெற்றோர் சொல்லியிருப்பார்கள், நாமும் நம்பியிருப்போம்.

வாசிப்பது ஒரு வேலை, வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது வேறு வேலை. முதல் வேலையைப் பத்து வருடம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றோம். இரண்டாவதை நம்மில் பெரும்பாலோர் யாரிடமும் ஒருநாள்கூடக் கற்கவில்லை. நம் ஆசிரியர் நமக்குச் செய்ததை நாம் அடுத்தவருக்குச் செய்கிறோம், அவ்வளவுதான். அவருடைய நல்ல காதும் அப்படித்தான் வருகிறது, அவருடைய முன்கோபமும் அப்படித்தான் வருகிறது. என் முதல் ஆசிரியர், தப்பான கட்டையில் விரல் பட்டதும் பென்சிலால் பியானோ விளிம்பில் தட்டுவார். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வகுப்பெடுக்க ஆரம்பித்து ஏழாவது வருடம், ஒரு சிறுமி நான் பென்சிலை எடுத்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அன்றுதான் என் கையில் இருப்பது யாருடைய பென்சில் என்று தெரிந்தது.

எட்டாம் கிரேடு முடித்திருக்கிறேன். சொல்லிக்கொடுக்க அது போதாதா?

ஆரம்ப மாணவர்களுக்குத் தேவையான வாசிப்புத் திறமை அதில் இருக்கிறது. அதில் சந்தேகமில்லை. ஆனால் கிரேடு தேர்வு எதைச் சோதிக்கிறது என்று பாருங்கள். கிரேடு தேர்வுகளை நடத்தும் ஏபிஆர்எஸ்எம், 1889லிருந்து இயங்கும் பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பு. அதன் வழக்கமான நேர்முகத் தேர்வில் பாடல்கள், ஸ்கேல்கள் (ஸ்வர வரிசைகள்), முன்பின் பார்க்காத இசையைப் பார்த்ததும் வாசிக்கும் சைட் ரீடிங், செவிப்பயிற்சி எல்லாம் உண்டு. ஆறாம் கிரேடும் அதற்கு மேலும் எழுத, ஐந்தாம் கிரேடு இசைக் கோட்பாடு போன்ற ஒரு முன்தகுதியும் வேண்டும். இதில் எங்கேயாவது, "கட்டைவிரல் ஏன் உள்ளே போகவேண்டும் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு விளக்கு" என்று கேட்கிறார்களா?

சி மேஜர் ஸ்கேலை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பீர்கள். அதுதான் சிக்கலே. கை தானாகச் செய்கிற வேலையை வாய் விளக்க முடியாது. இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். வலது கையில் அந்த ஸ்கேலை மிக மெதுவாக வாசியுங்கள். கட்டைவிரல் உள்ளே நகர ஆரம்பிப்பது எப்போது? மூன்றாம் விரல் மி-யை அழுத்தும்போதா, அதற்கு முன்னால் இரண்டாம் விரல் ரே-யில் இருக்கும்போதா? முழங்கை அசைகிறதா? மணிக்கட்டு ஏறுகிறதா, பக்கவாட்டில் போகிறதா? இந்த நான்குக்கும் பதிலை எழுதிப் பாருங்கள். எனக்கு முதல் தடவை அரை மணி நேரம் ஆனது, எழுதியதில் பாதி தப்பு.

அப்படியானால் எந்தப் படிப்பு, எந்தச் சான்றிதழ்?

பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள். என் அளவுகோல் ஒன்றே ஒன்று: நீங்கள் ஒரு நிஜ மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதை யாராவது பார்த்து, அதைப் பற்றி உங்களிடம் பேசுவார்களா? பேசுவார்கள் என்றால் அது ஆசிரியர் பயிற்சி. பேசமாட்டார்கள் என்றால் அது இசைப் படிப்பு. நல்ல படிப்பாகவே இருக்கலாம், ஆனால் அதன் பெயர் வேறு. டிப்ளமாக்களில் வாசிப்புக்கானது, கற்பித்தலுக்கானது என்று தனித்தனி வகைகள் உண்டு. பட்டப் பெயரின் எழுத்துகள் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், எது எது என்று தெரியாமல் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். விதிமுறைகளும் அவ்வப்போது மாறும். பழைய மாணவர் சொன்னதை நம்பாமல், நடப்பு ஆண்டுப் பாடத்திட்டத்தை நீங்களே படியுங்கள்.

சுசூகி, கோடாய், டால்குரோஸ், ஓர்ஃப் என்று பல முறைகள் இருக்கின்றன. எதில் சேர்வது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இவர்களில் யாரும் பியானோவை மனத்தில் வைத்துத் தொடங்கவில்லை.

ஷினிச்சி சுசூகி (1898–1998) ஜப்பானிய வயலின் ஆசிரியர். எந்தக் குழந்தையும் தாய்மொழியைத் தவறில்லாமல் பேசக் கற்கிறதே, இசையையும் அப்படிக் கற்க முடியாதா என்பது அவர் கேள்வி. அதனால் முதலில் காது, பிறகு கை, அதற்கப்புறம்தான் நோட்டு, அதாவது எழுதிவைத்த இசை. வாசிக்கப்போகும் பாடலைக் குழந்தை நாள்தோறும் கேட்கும். பெற்றோர் வகுப்பில் உட்கார்ந்து தாமும் கற்பார். இதன் பலம் வெளிப்படையாகத் தெரியும்: நல்ல ஒலி, நல்ல நினைவாற்றல், மேடை பயமின்மை. ஆசிரியர் கவனமாக இல்லாவிட்டால் நோட்டு படிப்பது பின்தங்கிவிடும். காதால் பிடித்தே பழகிய பிள்ளைக்கு நோட்டைப் பார்க்க என்ன அவசியம் இருக்கிறது?

ஹங்கேரியின் சோல்தான் கோடாய் (1882–1967) பாட்டிலிருந்து ஆரம்பித்தார். வாயால் பாடமுடியாததை வாத்தியத்தில் தேடாதே என்பது அந்தப் பள்ளியின் போக்கு. ஸ்வரங்களுக்குக் கை அடையாளங்கள் உண்டு; அவை இங்கிலாந்தின் ஜான் கர்வனிடமிருந்து எடுத்து மாற்றியமைத்தவை. ஸ்வரம் பாடிப் பழகிய நம் காதுகளுக்கு இது புதிதாகவே தோன்றாது. எமில் ஜாக்-டால்குரோஸ் (1865–1950) ஜெனீவாவில் ஹார்மனி சொல்லிக்கொடுத்தவர். தன் மாணவர்கள் தாளில் சரியாக எழுதும் கார்டு (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) அவர்கள் காதில் கேட்கவில்லை என்று கண்டுகொண்டார். லயம் உடம்பில் இறங்கவேண்டும் என்று எழுப்பி நடக்கவிட்டார். கார்ல் ஓர்ஃப் (1895–1982) 1924ல் மியூனிக்கில் ஆரம்பித்த பள்ளியிலிருந்து வளர்ந்தது பேச்சு, ஆட்டம், சைலஃபோன், உடனுக்குடன் இட்டுக்கட்டுதல் எல்லாம் கலந்த குழுப் பாடம்.

தனிப் பாடம் எடுக்கும் பியானோ ஆசிரியருக்கு என் யோசனை: ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதில் ஒரு வருடமாவது இருங்கள். நான்கிலும் ஒரு வார இறுதிப் பட்டறை போய்வந்தால் நான்கு சான்றிதழ் மாட்டலாம், பாடத்தில் ஒன்றும் மாறாது. எனக்கு டால்குரோஸ்தான் கைகொடுத்தது. மூன்று எண்ணிக்கைப் பாடலில் தடுமாறும் பிள்ளையை நாற்காலியில் வைத்துக்கொண்டு "ஒன்று, இரண்டு, மூன்று" என்று கத்துவதை விட்டேன். எழுந்து நட, முதல் எண்ணிக்கையில் முழங்காலை மடக்கு, மற்ற இரண்டில் குதிகாலைத் தூக்கு என்றேன். நான்கு நிமிடத்தில் தீர்ந்துபோனது. அதே பிள்ளையோடு ஆறு வாரம் தாளம் தட்டும் மெட்ரோனோமை வைத்துப் போராடியிருந்தேன்.

என் பாடத்தை நானே வீடியோ எடுக்கவேண்டும் என்கிறார்கள். எடுத்தேன், பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. எதைத்தான் பார்ப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பட்டறை, மாநாடு, டிப்ளமா எல்லாவற்றையும்விட இது மலிவு, வலியும் அதிகம்.

முதலில் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும். பிள்ளையிடமும் சொல்லுங்கள்: "நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன்னு பாக்கத்தான் எடுக்கிறேன், நீ வாசிக்கிறத மார்க் போட இல்ல."

முதல் தடவை பார்க்கும்போது நம் குரல், நம் முடி, நம் தொப்பை இவைதான் கண்ணில் படும். அதைப் பார்த்து முடித்துவிடுங்கள். இரண்டாவது தடவை ஒரு தாளும் பேனாவும் எடுத்து, நிமிடங்களை எண்ணுங்கள். மாணவர் வாசித்த நேரம், நான் பேசிய நேரம், நான் வாசித்துக்காட்டிய நேரம், புத்தகம் தேடிய நேரம். என் முதல் பதிவில், முப்பது நிமிடப் பாடத்தில் அந்தப் பையன் பதினொரு நிமிடம்தான் வாசித்திருந்தான். நான் குறைவாகப் பேசுகிறவள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மூன்றாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பையன் ஒவ்வொரு பாரின் (ஒரு தாளச் சுற்றின்) முடிவிலும் ஒரு கணம் நின்றான். நின்று, நோட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். நான் லேசாகத் தலையசைத்ததும் அடுத்த பாருக்குப் போனான். முப்பது நிமிடமும் அப்படியே. "இவனுக்கு ஓட்டம் வரவில்லை" என்று அவன் அம்மாவிடம் இரண்டு தடவை புகார் சொல்லியிருக்கிறேன். ஓட்டத்தை அறுத்துக்கொண்டிருந்ததே என் தலையசைப்பு! அடுத்த வாரம் நாற்காலியை அவனுக்குப் பின்னால், அவன் பார்வைக்கு எட்டாத இடத்தில் போட்டேன். முதல் சில நிமிடம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பிறகு பார்ப்பதை விட்டான். எட்டு பார் நிற்காமல் வந்தது. பாடத்தின் கடைசியில், "நீங்க இருக்கீங்களான்னே தெரியல" என்றான், புகாராகத்தான் சொன்னான்.

பத்து பாடம் பதிவுசெய்ய வேண்டாம். பருவத்துக்கு ஒன்று போதும், ஆனால் மூன்று தடவை பாருங்கள். ஒன்றே ஒன்றைத்தான் மாற்றவேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் மாணவர்கள் மிரண்டுபோவார்கள்.

நான் எப்படிப்பட்ட ஆசிரியர் என்று மதிப்பிட ஏதாவது படிவம் உண்டா?

நிறைய உண்டு. எனக்குப் பிடித்தது 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் எழுதியது. நல்லாசிரியர் இலக்கணத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். அதற்குப் பக்கத்திலேயே ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கு நான்கு உவமைகள் இருக்கின்றன, அதை யாரும் கேட்பதில்லை.

கழற்சிக்காய் போட்ட குடத்தைக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் வராது, கலைந்து கொட்டும். பெடல், ஸ்கேல், தேர்வுப் பாட்டு, மணிக்கட்டு என்று ஒரே பாடத்தில் உருட்டிவிடுகிற ஆசிரியர் அது. மடற்பனை, தானாகப் பழம் விழுந்தால்தான் உண்டு, ஏறிப் பறிக்க விடாது. கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறவர். குண்டிகையில் (சிறு வாய்க் குடுவையில்) அடைத்த பருத்தி சிறுகச் சிறுகத்தான் வெளியே வரும். நிறையத் தெரிந்தும் எடுத்துத்தரத் தெரியாதவர், நல்ல மேடைக் கலைஞர் பலருக்கு இந்தச் சிக்கல். முடத்தெங்கு, அதாவது கோணல் தென்னை, தண்ணீர் ஊற்றியவன் தோட்டத்தை விட்டு வளைந்து பக்கத்துத் தோட்டத்தில் காய் போடும். போட்டிக்குப் போகிற ஒரு பிள்ளைக்காக மற்ற பிள்ளைகளின் நேரத்தையும் அக்கறையையும் செலவிடுகிறவர். வருடத்துக்கு ஒருமுறை இந்த நான்கில் நான் எது என்று கேட்டுக்கொள்கிறேன். என் பதில் பெரும்பாலும் குடம்தான்.

மாணவருக்குப் பயிற்சி செய்யத் தெரியவில்லை. "பத்து தடவை வாசி" என்று அனுப்புகிறேன், அப்படியே திரும்பி வருகிறார்கள்.

பத்து தடவை தப்பாக வாசித்தால் தப்புதான் பழகும். இதைப் பற்றி நல்ல ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க இசைக் கல்வி ஆய்வாளர் ராபர்ட் டியூக்கும் அவருடைய சகாக்களும் 2009ல் வெளியிட்டது. இசை படிக்கும் 17 பியானோ மாணவர்களுக்கு ரஷ்ய இசையமைப்பாளர் ஷொஸ்தகோவிச்சின் ஒரு கான்செர்ட்டோவிலிருந்து மூன்று பார் கொடுத்தார்கள். திருப்தி வரும்வரை பயிற்சி செய்யலாம். மறுநாள் வந்து வாசித்துக்காட்டவேண்டும். மறுநாள் நன்றாக வாசித்தவர்கள் அதிக நேரம் பயிற்சி செய்தவர்களும் இல்லை, அதிக தடவை வாசித்தவர்களும் இல்லை. தப்பு எங்கே, எதனால் என்று துல்லியமாகப் பிடித்து, அந்த இடத்தை மட்டும் எடுத்து, வேகத்தைக் காரணத்தோடு குறைத்துக் கூட்டி, சரியாகி நிலைக்கும்வரை விடாமல் இருந்தவர்கள்தான் முன்னால் வந்தார்கள். தப்பே செய்யாதவர்கள் என்று யாரும் இல்லை, தப்பைத் தாண்டிப் போகாதவர்கள் இருந்தார்கள்.

ஆகவே வீட்டுப் பயிற்சியைப் பாடத்திலேயே செய்யவைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு, "நான் இங்க இல்லன்னு நினைச்சு பிராக்டிஸ் பண்ணு" என்று சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் முதல் பாரிலிருந்து ஆரம்பிப்பார்கள். தடுக்கினால் மறுபடி முதல் பாரிலிருந்து. அதனால்தான் எல்லாப் பாட்டிலும் முதல் வரி தங்கம், கடைசி வரி தகரம். கடைசி வரியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுப்பது ஒரு வழி. இடைவெளி விட்டுத் திரும்ப வருவது இன்னொன்று: ஒரே பாட்டை இருபது நிமிடம் அரைப்பதற்குப் பதில் ஐந்து நிமிடம், வேறொன்று, மறுபடி ஐந்து நிமிடம். விட்டு விட்டுப் படித்தால் நினைவில் தங்கும் என்பது நினைவாற்றலை ஆராய்ந்த எபிங்ஹவுஸ் காலத்திலிருந்தே, 1885லிருந்தே, தெரிந்த சங்கதி.

இசைக் கோட்பாடும் வரலாறும் படித்து முடித்ததுதானே? அது மாறவா போகிறது?

மாறுகிறது. ஆரம்ப மாணவர்கள் எல்லாரும் வாசிக்கும் ஜி மேஜர் மினுவெட் என்ற சின்ன நடனப் பாட்டு யாருடையது? ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதியது என்றுதான் நமக்குச் சொன்னார்கள். பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725ல் தொடங்கிய கையேட்டில் அது இருந்ததால் வந்த நம்பிக்கை அது. டிரெஸ்டன் நகர ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியான் பெட்சோல்டின் படைப்பு என்று 1970களில் தெளிவாகிவிட்டது. பழைய பதிப்புகளில் இன்னும் பாக் பெயர்தான் இருக்கிறது, பல ஆசிரியர்கள் வாயிலும்.

இதைவிட முக்கியமானது கை சம்பந்தமானது. 1873ல் புத்தகமாக வந்த ஹானனின் 60 விரல் பயிற்சிகள் விரலை உயரத் தூக்கி அடிக்கச் சொல்கின்றன. புறங்கையில் காசு வைத்து, விழாமல் வாசிக்கச் சொல்லும் வழக்கமும் இருந்தது. கையும் முழங்கையும் அசையாமல் விரல் மட்டும் வேலை செய்வதற்கு அன்றைக்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். இன்றைய பியானோவின் கட்டை கனமானது; கை, முன்கை, தோள் எல்லாம் சேர்ந்து சுமக்கவேண்டிய எடையை விரல் தசைநார் மட்டும் சுமந்தால் வலிதான் மிஞ்சும். ஹானனைத் தூக்கி எறியவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நோட்டை வைத்துக்கொண்டு, அந்தப் புத்தகத்தின் அறிவுரையை விட்டுவிடலாம்.

வகுப்பெடுத்து முடிக்கும்போது எனக்கு வாசிக்கத் தெம்பே இருப்பதில்லை. ஆசிரியர் தொடர்ந்து வாசித்தே ஆகவேண்டுமா?

ஆம். மேடையில் வேண்டியதில்லை. நாளுக்கு இருபது நிமிடம், முதல் மாணவர் வருவதற்கு முன். முடிந்தபின் என்று வைத்தால் நடக்காது. புதிய ஒன்றாக இருக்கட்டும்; மாணவர்களுக்கு நடத்தும் பாட்டையே வாசிப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று செய்தேன், அது வாசிப்பைவிட அதிகம் கற்றுத்தந்தது. நாற்பது வயதுக்கு மேல் வயலின் வகுப்பில் ஆரம்ப மாணவியாகச் சேர்ந்தேன். இடது கை ஒன்று செய்யும்போது வலது கை வேறொன்று செய்யவேண்டும், ஆசிரியர் அதற்குமேல் நின்று "தோளைத் தளர்த்துங்கள்" என்கிறார். எந்தத் தோள்? எனக்குத் தோள் இருப்பதே அப்போது தெரியவில்லை. அன்று மாலை என் மாணவி ஒருத்தியிடம் "மணிக்கட்டைத் தளர்த்து" என்று சொல்லவந்து, வாயை மூடிக்கொண்டேன். கையைத் தூக்கி மடியில் தொப்பென்று போடச் சொன்னேன். அந்தக் கனம்தான் தளர்வு என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

மாநாடு, பட்டறை, மாஸ்டர் கிளாஸ் இவற்றால் பயன் உண்டா?

உண்டு, போய்வந்த ஏழு நாளுக்குள் ஒன்றைச் செய்துபார்த்தால். இல்லையென்றால் குறிப்பேடு நிறையும், அவ்வளவுதான்.

சர்வதேச அளவில் இசைக் கல்விக்கான ஐஎஸ்எம்இ 1953ல் தோன்றியது, இரண்டாண்டுக்கு ஒருமுறை உலக மாநாடு நடத்துகிறது. அமெரிக்க இசை ஆசிரியர்களின் எம்டிஎன்ஏ 1876லேயே தொடங்கியது. ஐரோப்பியப் பியானோ ஆசிரியர்களுக்கான எப்டா, 1978ல் கரோலா கிரிண்டியா லண்டனில் ஆரம்பித்தது. இப்போது பல அமர்வுகளை இணையத்திலேயே பார்க்கலாம்.

ஒரு மேதை எல்லார் முன்னிலையிலும் ஒரு மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் கிளாஸ் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியின் வைமரில் பியானோ மேதை லிஸ்ட் பலரை ஒன்றாக உட்காரவைத்து நடத்திய வகுப்புகளிலிருந்து வளர்ந்த வடிவம் அது, அதில் நாடகத்தன்மை கலந்தே இருக்கிறது. எல்லாரும் மேதையைப் பார்ப்பார்கள். நீங்கள் மாணவரைப் பாருங்கள். மேதை சொன்ன எந்த வார்த்தைக்கு அவர் வாசிப்பு நிஜமாக மாறியது, எதற்கு மரியாதைக்குத் தலையாட்டினார் என்று குறித்துவாருங்கள்.

தனியாளாக வீட்டில் வகுப்பெடுக்கிறேன். தொழில் பேச ஆளே இல்லை.

மூன்று பேர் போதும். இரண்டு பேர் என்றால் புகழ்ச்சியில் முடியும், ஐந்து பேர் என்றால் நேரம் ஒத்துவராது. மாதம் ஒருமுறை ஒருவர் பாடத்தை மற்ற இருவர் போய்ப் பார்க்கட்டும். ஒரே ஒரு விதி: பார்ப்பவர் கண்ணால் கண்டதை மட்டும் எழுதவேண்டும். "பிள்ளை சலிப்பாக இருந்தது" என்று எழுதக்கூடாது. "நான்காவது நிமிடத்தில் பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தது, ஆறாவதில் மறுபடி பார்த்தது" என்று எழுதலாம். அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பது பாடம் எடுத்தவர் பாடு. ஒருவர் மாணவரை மற்றவர் இழுத்துக்கொள்வார் என்ற பயம் இருந்தால் இந்தக் குழு நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

செயலிகளும் டிஜிட்டல் பியானோவும் எனக்குப் பிடிக்காது. கற்றுக்கொண்டே ஆகவேண்டுமா?

பிடிக்காமலே கற்றுக்கொள்ளலாம். சரியான கட்டை, சரியான நேரம் இரண்டையும் செயலி நன்றாகப் பிடிக்கும். மணிக்கட்டு இறுகியிருப்பதும் ஒலி வறண்டிருப்பதும் அதற்குத் தெரியாது. அந்த இரண்டும் உங்கள் வேலை.

ஆனால் ஒரு பயனை விடக்கூடாது. டிஜிட்டல் பியானோவையும் கணினியையும் இணைக்க 1983லிருந்து இருக்கும் மிடி முறையில் ஒவ்வொரு கட்டையையும் அழுத்திய வேகம் 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகப் பதிவாகும். மாணவர் வாசித்த ஸ்கேலைக் கணினியில் திறந்தால், நான்காம் விரல் விழும் இடமெல்லாம் எண் குறைந்திருப்பதும், கட்டைவிரல் விழும் இடத்தில் துள்ளியிருப்பதும் கண்முன் தெரியும். "சீராக இல்லை" என்று நான் இருபது தடவை சொன்னதை அந்தப் படம் ஒரே தடவையில் சொன்னது. என்னுடைய ஸ்கேலையும் அப்படிப் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

கழுத்தும் முதுகும் வலிக்கிறது. இதுவும் தொழில் வளர்ச்சியில் சேருமா?

கட்டாயம் சேரும். உடம்பு போனால் தொழில் போயிற்று. நாள் முழுக்க மாணவரின் வலப்பக்கம் உட்கார்ந்து, கழுத்தை ஒரே பக்கம் திருப்பிக்கொண்டிருப்போம். நாற்காலியைப் பாதி நாள் இடப்பக்கம் போடுங்கள். மாணவரின் இடது கையை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்ப்பீர்கள், அது கூடுதல் லாபம். காதும் அப்படித்தான். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. அதற்குமேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். சின்ன அறை, பெரிய பியானோ, வெறும் சுவர் என்றால் திரையும் தரைவிரிப்பும் போடுங்கள். பியானோவின் மூடி எப்போதும் திறந்தே இருக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆட்டிசம், கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கு நடத்தத் தனிப் பயிற்சி வேண்டுமா?

வேண்டும். அன்பும் பொறுமையும் மட்டும் போதும் என்று நினைத்துத் தொடங்கி, நானே தடுமாறியிருக்கிறேன். பயிற்சி கிடைக்கும்வரை பெற்றோரைக் கேளுங்கள். பிள்ளையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் பட்டறையிலும் கிடைக்காது. எந்தச் சத்தம் தொந்தரவு, தொட்டுத் திருத்தலாமா, பாடம் மாறும்போது முன்கூட்டியே சொல்லவேண்டுமா என்ற மூன்று கேள்வியோடு ஆரம்பியுங்கள். தொட்டுத் திருத்துவதற்கு முன் கேட்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

இத்தனையையும் ஒரு வருடத்துக்குள் எப்படிச் செய்வது?

செய்யாதீர்கள். ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு கேள்வி. இந்தப் பருவம் எனக்கு: "பாட்டு முடிந்ததும் முதலில் பேசுவது நானா, மாணவரா?" நான் வாயைத் திறக்காமல் மனத்துக்குள் ஐந்து எண்ணுகிறேன். ஐந்து எண்ணுவதற்குள் பாதிப் பேர், "இங்க தப்பு பண்ணிட்டேன்" என்று அவர்களே இடத்தைக் காட்டுகிறார்கள்.

ஒரு மாணவரை வேறொரு ஆசிரியரிடம் அனுப்பிவிட வேண்டும் என்று எப்போது முடிவெடுப்பது?

அவருக்குக் கேட்பது உங்களுக்குக் கேட்கவில்லை என்று தெரியும்போது. அல்லது ஜாஸ் போல நீங்கள் வாசிக்காத ஒன்றை அவர் விரும்பும்போது. அல்லது இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சோர்ந்துபோகும்போது. பெற்றோரிடம் முதலில் பேசுங்கள். புதிய ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தனுப்புங்கள். எத்தனையாவது கிரேடு என்பதை அவர் எப்படியும் கேட்டுக்கொள்வார். நீங்கள் எழுதவேண்டியது வேறு: கடைசி ஆறு மாதத்தில் வாசித்த பாட்டுகள், அதில் தானாகவே திரும்பத் திரும்ப வாசித்தது எது, இடது கை நான்காம் விரல் எப்படி, தேர்வு என்றால் தூக்கம் போகுமா. நான் கடைசியாக எழுதிய கடிதத்தின் முதல் வரி: "பின்னால் உட்கார்ந்து கேளுங்கள், முகத்தைப் பார்த்தால் நின்றுவிடுவான்."